தகர மூடி என்ன பாவம் செய்தது?

அமெரிக்காவில் ஒரு பிக்கப்பின் பின்னால் சிக்னலில் நிற்கும்போது கொஞ்சம் குனிந்து பார்த்தால், இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே அச்சின் வயிறு உப்பித் தொங்குவது தெரியும். அங்கத்திய மெக்கானிக்குகள் அதைப் பூசணிக்காய் என்றே சொல்கிறார்கள். உள்ளே இருப்பது டிஃபரன்ஷியல். கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றும் சின்னப் பினியன், பேரிங் எல்லாம் எண்ணெயில் கிடக்கும் இடம். அந்த வயிற்றின் பின்முகத்தை மூடியிருப்பது, பத்துப் பன்னிரண்டு போல்ட் போட்டு இறுக்கிய, பிரஸ்ஸில் அழுத்தி வளைத்த ஓர் இரும்புத் தகடு. கறுப்பு பெயின்ட், ஓரமெல்லாம் துரு. பார்க்க லட்சணமாக இருக்காது. சில வண்டிகளில் மட்டும் அதே இடத்தில் ரத்தச் சிவப்பிலோ வெள்ளி நிறத்திலோ, வரிவரியாக விளிம்பு வைத்த தடித்த அலுமினிய மூடி பளிச்சென்று தெரியும். நடுவில் கம்பெனி பெயர், பின்னால் வருகிறவன் படிக்கிற அளவு எழுத்தில்.

டிரெய்லர் இழுக்கப் போகிறேன் என்று பிக்கப் வைத்திருக்கும் யாரிடமாவது வாயைத் திறந்தால் போதும், அந்தத் தகர மூடியை முதலில் கழற்றி எறி என்பார்கள். காரணங்களும் கைவசம் தயாராக இருக்கும். அலுமினியம் சூட்டை இழுத்து வெளியே தள்ளும், கூடுதலாக ஒன்றிரண்டு லிட்டர் எண்ணெய் பிடிக்கும், அச்சுக்குப் பலம். விலை 200 டாலரிலிருந்து 500 டாலர் வரை போகும். எஞ்சினைத் தொடப் பயப்படுகிறவனும் ஒரு சனிக்கிழமைக் காலையில் தானே மாட்டிவிடலாம் என்பதால், இதைச் செய்யாதவன் வண்டியைக் கவனிக்காதவன் என்ற அளவுக்குப் பேச்சு வளர்ந்துவிட்டது.

என் கட்சி வேறு. டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புகளிலும் பெரும்பாலானவற்றுக்கு இது வீண் செலவு. சில மூடிகள் காசையும் வாங்கிக்கொண்டு கேட்டையும் செய்கின்றன. வெளியில் நின்று கல்லெறிகிறேன் என்று நினைக்க வேண்டாம். சிவப்பு மூடி ஒன்றை ஆசையாக வாங்கி மாட்டியவன்தான் நானும்.

நம் ஊர் லாரிகளை நினைத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் லாரி அச்சின் பின்பக்கம் பெரும்பாலும் கழற்ற முடியாதபடி பற்றவைத்த குடம்; கிரவுன் செட்டை முன்பக்கமாகத்தான் இறக்குவார்கள். அதனால் இந்த மூடி மோகம் அங்கே தலையெடுக்க வழியே இல்லை. பழைய வில்லிஸ் ஜீப்பின் பின்னால் குனிந்து பார்த்தவர்களுக்கு மட்டும் நான் சொல்லும் வட்ட மூடி பழக்கமானது. அமெரிக்க பிக்கப்பில் வருவது அதே குடும்பம்.

அந்த மூடியை முதல்முறை கழற்றியபோது என் மூக்கில் ஏறிய கந்தக நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. கியர் ஆயிலைச் சேர்ந்த தீக்குச்சி வாடை அது. எண்ணெய் வடிந்து முடிந்ததும் தகரத்தைத் திருப்பிப் பார்த்தேன். உட்பக்கம் வழவழவென்று, கிரவுன் வீலின் வளைவை ஒட்டியே குழிந்திருந்தது. மலிவான தகடு, இப்படித்தானே வளைத்திருப்பார்கள் என்று ஓரமாகப் போட்டேன். வாங்கி வந்த சிவப்பு மூடியின் உட்பக்கம் தட்டையான சுவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. விஷயமே அங்கேதான் இருந்தது.

டிஃபரன்ஷியலுக்குள் எண்ணெய்க்குப் பம்ப் கிடையாது. கீழே தேங்கிக் கிடக்கும் எண்ணெயைக் கிரவுன் வீல்தான் வாரி இறைக்கிறது. வண்டி முன்னால் போகும்போது எந்தச் சக்கரத்துக்கும் பின்விளிம்பு கீழிருந்து மேலே ஏறும். கிரவுன் வீலும் அப்படியே. அதன் பின்விளிம்புக்கு நேர் எதிரே இருப்பது மூடி. ஆகவே பல்லில் ஒட்டி வரும் எண்ணெய் மூடியின் உள்வளைவோடு வழுக்கி மேலேறி, உச்சியில் திரும்பி, அச்சின் வயிற்றுக்கூடான ஹவுசிங்கின் கூரையோரமாக முன்னால் பாய்ந்து, பினியன் பேரிங்குகளுக்கு மேலே உள்ள பள்ளத்தில் விழுகிறது. கிரவுன் வீலைத் தள்ளும் பளுவை முழுக்கத் தாங்குவது அந்தப் பினியன். எண்ணெய்த் தேக்கத்திலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பதும் அதன் முன் பேரிங்தான். ஏற்றத்தில் டிரெய்லரை இழுக்கும்போது எண்ணெய் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டால், அந்த பேரிங்குக்குப் பெரும்பாலும் இந்த வீச்சு ஒன்றே கதி. மூடி என்று பெயர் வைத்ததே தப்பு. வாய்க்காலுக்குக் கரை எப்படியோ அப்படி எண்ணெய்க்கு அது.

இப்போது கரையை இடித்து அந்த இடத்தில் செங்குத்தாக ஒரு சுவர் எழுப்புங்கள். அதைத்தான் தட்டை முதுகு மூடி செய்கிறது. கியருக்கும் சுவருக்கும் நடுவே கிடைக்கும் வெற்றிடத்தைக் காட்டித்தான் ‘எண்ணெய் கூடப் பிடிக்கும்’ என்கிறார்கள். வேகமாக வரும் எண்ணெய் அந்த இடத்தில் போக்கிடம் இல்லாமல் சுவரில் மோதிச் சிதறும், சுழலும், காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய் பல்லுக்கு நடுவே படலமாக நிற்பதில்லை. சூட்டையும் சரியாகச் சுமக்காது.

கலிஃபோர்னியாவின் டீசல் எஞ்சின் விற்பன்னர் கேல் பேங்க்ஸ் சில ஆண்டுகளுக்கு முன் இதைச் சோதித்து, ஓடும் அச்சுக்குள் எண்ணெய் என்ன பாடு படுகிறது என்பதைப் படம்பிடித்தே காட்டினார். வளைந்த தொழிற்சாலை மூடியில் எண்ணெய் ஒழுங்காக ஓடுவதையும், தட்டை முதுகில் கலங்கி நுரைப்பதையும் கண்ணால் பார்த்த பிறகுதான் பலருக்கு உறைத்தது. உடனே ஒரு எதிர்ப்பேச்சு வரும்: அவரே மூடி விற்கிறவர் ஆயிற்றே, போட்டிக்காரனைக் குறை சொல்லாமல் என்ன செய்வார்? உண்மைதான், அவரும் விற்கிறார், வளைந்த உட்புறம் உள்ள மூடியை. அவர் மூடியை வாங்கச் சொல்லி நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எண்ணெய் எந்தத் திசையில் போகும் என்பது விற்கிறவன் ஆசையைப் பொறுத்ததல்ல. அந்தப் படத்தில் நன்றாக நடந்துகொண்டது யார் என்று பாருங்கள். சில பத்து டாலருக்குக் கிடைக்கும் அந்தத் தகரம்.

என் வண்டிக்கு வருகிறேன். சிவப்பு மூடி மாட்டி, அதிலேயே இருந்த நிரப்புத் துளை வரை எண்ணெய் ஊற்றினேன். பழைய துளையைவிட இது இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது; நல்லதுதானே, கூடப் பிடிக்கிறதே என்று மகிழ்ந்தேன். ஒஹாயோவிலிருந்து தெற்கே ஐ-75இல் டிரெய்லரோடு ஒரு நீண்ட நாள் ஓட்டம். ராத்திரி தங்குமிடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் அச்சுக் குழாயின் மேல்பக்கம் ஈரம், அதில் சாலைப் புழுதி அப்பிக் கறுப்புக் களிம்பாக இருந்தது. காற்று போக வைத்திருக்கும் பிரீதர் துளை வழியே எண்ணெய் பொங்கியிருக்கிறது. பிரீதரை மாற்றினேன், நிற்கவில்லை. பழைய தகரத்தைத் தேடியெடுத்துத் துருவைத் தேய்த்து மாட்டி, பழைய அளவுக்கே எண்ணெய் ஊற்றிய பிறகு நின்றது. குற்றவாளி நுரையா, அளவு மிஞ்சிய எண்ணெயா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டையும் கூட்டி வந்தது அந்த மூடிதான். பிரீதரோடு போனதே, பிழைத்தேன். அதே எண்ணெய் அச்சின் கடைசி சீலைத் தாண்டி பிரேக்குக்குள் இறங்கியிருந்தால் கதை வேறு.

சரி, தட்டை முதுகு வேண்டாம், வளைந்த உட்புறம் உள்ள அலுமினிய மூடி போடுகிறேன், அது குளிர வைக்குமே என்பார்கள். இந்த இடத்தில்தான் கணக்குப் போடாமல் தலையாட்டுகிறோம்.

இரும்பைவிட அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் மூன்று மடங்கு கெட்டிக்காரன். யார் மறுத்தது? ஆனால் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைக் கழற்றிவிட்டு 8 மில்லிமீட்டர் அலுமினியத்தை வைக்கிறீர்கள். தடிமனை உலோகத்தின் கடத்துதிறனால் வகுத்துப் பாருங்கள்; இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதுகூடப் பெரிய விஷயமில்லை. சூடு வெளியேறும் வழியில் உலோகம் தடையே அல்ல. உலோகத்தின் வெளிமுகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றுப் படலம்தான் தடை. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 50 வாட் என்று காற்றுக்குத் தாராளமாகவே கொடுத்தாலும், அதன் தடை அந்தத் தகட்டின் தடையைப்போல 300 மடங்குக்கு மேல் வரும். வாசலில் கூட்டம் நெரியும்போது உள்கூடத்தை அகலப்படுத்தி என்ன பயன்?

விளிம்புகளால் காற்றுபடும் பரப்பு கூடுமே என்றால், ஆமாம், கூடும். எவ்வளவுக்கு என்று பார்ப்போம். கனரக பிக்கப் ஒன்றின் மூடி சுமார் 0.1 சதுர மீட்டர். எண்ணெய் 120 டிகிரி, வெளியே 35 டிகிரி என்றால், சாதாரண மூடி வழியே போவது சுமார் 425 வாட். விளிம்பு வைத்துப் பரப்பை இரட்டிப்பாக்கினால் 850. மேட்டில் முழுப் பளுவோடு ஏறும் வண்டியில் 150 கிலோவாட் பினியனுக்கு வருகிறது என்று வையுங்கள். இந்த வகைச் சாய்பல் கியர்கள் அதில் நூற்றுக்கு நான்கு பங்கைச் சூடாக்கினால் 6,000 வாட். அதாவது 6,000 வாட்டுக்கு எதிராக 425 வாட் கூடுதல் உதவியை 400 டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். அதையும் முழுதாக எண்ண முடியாது. காரணம், மூடி இருக்கும் இடம். அச்சின் முதுகுப்பக்கம், வேகமாகப் போகும் வண்டிக்கு அடியில் காற்று சுருண்டு மந்தமாகிக் கிடக்கும் மூலை அது. அதற்கு நேர் பின்னால் ஸ்டெப்னி டயர் தொங்கிக்கொண்டு மிச்சக் காற்றையும் மறைக்கும். (சில தடித்த மூடிகள் அந்த ஸ்டெப்னியிலேயே போய் இடிக்கும். வாங்கியபின்தான் தெரியும்.) சூட்டில் பெரும்பகுதியை வெளியேற்றுவது யாரும் பெயர் சொல்லாத அச்சுக் குழாய்களும் வார்ப்பு ஹவுசிங்கும்தான், பரப்பில் அவை மூடியைப்போலப் பல மடங்கு.

கூடுதல் எண்ணெய் கூடுதல் குளிர்ச்சி என்பது இன்னொரு பிரமை. எண்ணெய் கூடினால் சூடேற நேரம் கூடும். எந்தச் சூட்டில் போய் நிற்கும் என்பதை அது மாற்றாது. தாமதமாவது பெரிதா என்றால் அதுவும் இல்லை. ஒரு லிட்டர் கியர் ஆயில் ஒரு டிகிரி சூடேற வாங்கிக்கொள்ளும் வெப்பம், நான்கு கிலோ இரும்புக்குக்கூடப் போதாது. எண்ணெயைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு மட்டும் அங்கே 60 கிலோவாவது இருக்கும். பெரிய அண்டாவில் ஒரு தம்ளர் தண்ணீரைச் சேர்த்த கதை.

இதற்கெல்லாம் பதிலாக ஒரு அனுபவச் சான்று நீட்டப்படும். ‘நான் தெர்மாமீட்டர் துப்பாக்கியால் அளந்தேன், அலுமினிய மூடி எத்தனையோ டிகிரி குறைவாகக் காட்டியது.’ பொய் சொல்லவில்லை, உண்மையாகவே காட்டியிருக்கும். அந்தத் துப்பாக்கி சூட்டைத் தொட்டு அளப்பதில்லை. பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி ஊகிக்கிறது. மலிவான துப்பாக்கிகளை, பெயின்ட் அடித்த கறுத்த பரப்புக்கு ஏற்றபடி நிலையாக அமைத்திருப்பார்கள். பளபளக்கும் வெற்று அலுமினியம் அந்தக் கதிரில் சிறு பங்கைத்தான் உமிழும், மிச்சத்துக்கு எதிரே இருப்பதைக் கண்ணாடிபோலக் காட்டும். அதனால் கை வைத்தால் தோல் உரிகிற அலுமினியம்கூடத் துப்பாக்கிக்குக் குளிர்ந்ததாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் வீட்டில் புது அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்கவிட்டுப் பக்கவாட்டில் குறிவைத்துப் பாருங்கள். பிறகு அதில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு அந்த இடத்தைப் பாருங்கள். பெயின்ட் அடித்த மூடியென்றால் இந்தப் பிழை போய்விடும். அப்போதும் அளப்பது மூடியின் தோலைத்தானே தவிர, எண்ணெயை அல்ல. அதிலும், நன்றாகச் சூட்டை வெளியேற்றும் மூடியின் தோல் எண்ணெய்க்குப் பக்கத்துச் சூட்டில் இருக்க வேண்டும், குளிர்ந்து கிடக்கக் கூடாது என்று யாரும் யோசிப்பதில்லை.

வண்டி செய்கிறவர்கள் இதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்றும் பார்ப்போம். அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியிலிருந்து கிழக்கே மலையேறும் நெடுஞ்சாலை 68க்கு டேவிஸ் டாம் ஏற்றம் என்று பெயர். பிக்கப் எவ்வளவு இழுக்கும் என்று விளம்பரம் செய்யுமுன் அமெரிக்கக் கம்பெனிகள் பின்பற்றும் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2807 சோதனையின் மலையேற்றப் பகுதி இந்த ஏற்றத்தை வைத்தே எழுதப்பட்டது. வெளியே குறைந்தது 38 டிகிரி வெயில், உள்ளே ஏ.சி. முழு வேகத்தில், பின்னால் விளம்பரம் செய்யப்போகும் முழுப் பளு. 18 கிலோமீட்டருக்கு மேல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒற்றைப் பின்சக்கர வண்டி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. பாகம் எதுவும் கெட்டுப்போகக் கூடாது. தகர மூடியோடு விற்கும் வண்டி, அதே தகர மூடியோடு இதை ஏறியிருக்கிறது. போதாது என்று கண்ட கனரக மாடல்களில் தொழிற்சாலையே விளிம்பு வைத்த அலுமினிய மூடியைப் போட்டு அனுப்பியிருக்கிறது. தேவை எங்கே, எங்கே இல்லை என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. சில டாலர் மிச்சம் பிடிக்கத் தகரம் போடுகிறார்கள் என்ற புகாரை நான் மறுக்கவில்லை. மிச்சம் பிடித்தும் வேலை நடக்கிறது என்பதுதான் என் வாதம்.

பலம் பற்றிய பேச்சுக்கு அதிக நேரம் தர வேண்டியதில்லை. கிரவுன் வீலைப் பிடித்துக்கொண்டிருப்பது ஹவுசிங்குக்குள் போல்ட் போட்ட இரண்டு பேரிங் தொப்பிகள். வெளி மூடி தடித்ததால் அவை ஒன்றும் தடிக்காது. பந்தயக் கார்க்காரர்கள் போடும், உள்ளே திருகாணி நீட்டித் தொப்பிகளை முட்டுக்கொடுக்கும் தனி வகை மூடி உண்டு. எழுநூறு குதிரைத்திறனை ஒரே மிதியில் அவிழ்த்துவிடுகிறவனுக்கு அது நியாயம். அந்தத் திருகாணியைக் கொஞ்சம் கூட இறுக்கினால் பேரிங்கே நெளியும் என்பதையும் அவன் அறிவான்.

பாறைமேல் வண்டி ஏற்றுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. யூட்டாவின் மோவாப் பக்கம் பாறையில் அச்சு உரசினால் தகரம் உள்ளே அமுங்கிக் கிரவுன் வீலிலேயே தட்டும். அவர்களுக்குத் தடித்த வார்ப்பிரும்பு மூடி கவசம். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஒஹாயோ, மிஷிகன் பக்கத்தில் தகரத்தின் கீழ்விளிம்பு அரித்து எண்ணெய் கசிவதையும் பார்த்திருக்கிறேன். அப்போது மாற்றத்தான் வேண்டும், இன்னொரு தகரத்தால். வடிகால் போல்ட் இல்லாத மூடியைக் கழற்றிக் கழற்றிச் சலித்தவன் வளைந்த உட்புறமும் வடிகாலும் உள்ள மூடியை வாங்கினால், சௌகரியத்துக்கு வாங்கினேன் என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

டிஃபரன்ஷியலைக் கொல்வது என்ன என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். மூடியைச் சொல்ல மாட்டார். படகு இழுக்கிறவர்களைப் பாருங்கள். ஈரி ஏரிக் கரையில் சனிக்கிழமைக் காலை வரிசை நிற்கும். நூறு மைல் இழுத்துச் சூடேறிய அச்சைச் சரிவில் பின்னோக்கி இறக்கி, சக்கரம் முங்கும் மட்டும் குளிர்ந்த தண்ணீரில் வைக்கிறார்கள். உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் தண்ணீருக்கடியில் இருந்தாலோ, அடைத்துக்கொண்டு சீல் தளர்ந்திருந்தாலோ, அச்சு ஏரியை உறிஞ்சும். அடுத்த முறை மூடியைத் திறந்தால் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். அந்தப் பேரிங்குகளுக்கு எந்தச் சிவப்பு மூடியும் உயிர் தராது. பிரீதர் துளையில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி, வண்டித் தொட்டியின் உயரத்துக்கு இழுத்துக் கட்டினால் தண்ணீர் உள்ளே வராது. குழாய்க்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. இதை யாரும் படம் எடுத்துக் காட்டுவதில்லை, பின்னால் வருகிறவன் கண்ணில் படாதே.

மூடிக்குக் கொடுக்கும் 400 டாலரில், கையேடு சொல்லும் தடிமனில் நல்ல சிந்தெடிக் கியர் ஆயில் பல முறைக்கு வாங்கலாம். பளு இழுக்கிறவன் எண்ணெயைக் கையேட்டின் கடுமைக் கணக்குப்படி மாற்றினால் போதும். வழுக்காத டிஃபரன்ஷியல் என்றால் அதற்குரிய சேர்மானத்தை மறக்காமல் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் வண்டி முனகும். கழற்றும்போது மூடிக்குள் இருக்கும் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு மட்டும் என்றால் அது இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் சில்லு வந்தால் பல்லோ பேரிங்கோ போகத் தொடங்கிவிட்டது; கூடுதல் எண்ணெயால் அதை மறைக்க முடியாது. நான் தகரத்தைத் திரும்ப மாட்டியபோது இப்படித்தான் செய்தேன்: விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சிலிக்கோன் பசையை மெல்லிய கோடாக ஓடவிட்டு, எதிரெதிர் போல்ட்டாக இறுக்கி, பசை காயும்வரை எண்ணெய் ஊற்றாமல் காத்திருந்தேன். அதன்பின் இரண்டு கோடை அதே டிரெய்லரை இழுத்தாயிற்று. அச்சுக் குழாய் உலர்ந்தே இருக்கிறது.

சிவப்பு மூடி காராஜ் அலமாரியில் இருக்கிறது. பாதி விலைக்குத் தருகிறீர்களா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். என்ன சொல்லி விற்பது என்றுதான் தெரியவில்லை.